மேஸ்திரிக்கு ஊட்டிய கை

எனக்கு யாரையும் லேசில் பாராட்ட வராது. என் வீட்டுக்காரர் சிவராமனைக் கேட்டால் சொல்வார். ஆவடியில் அவர் வேலை பார்க்கும் ராணுவத் தொழிற்சாலையில், நல்ல ஊழியர் என்று மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்திய அன்று, வீட்டுக்கு வந்தவரிடம் "சால்வை சாயம் போகும் போலிருக்கே" என்றுதான் நான் முதலில் சொன்னேனாம். என் வாய் அப்படி. அந்த வாயால் ஒருத்தியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அவள் எங்கள் தெருவில் மீன் விற்கிற வேம்புலியம்மாள்.

குவார்ட்டர்ஸில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தோம். நான் திருச்சிப் பக்கத்துக்காரி. ஆற்று மீன் தெரியும், கடல் மீன் பார்த்து வாங்கத் தெரியாது. வந்த புதிதில் ஒரு காலையில், டிவிஎஸ் வண்டியின் பின்னால் அலுமினியக் கூடையைக் கட்டிக்கொண்டு ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். நெற்றி நிறைய மஞ்சள், தூக்கிச் செருகின புடவை, கையில் கத்தி. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"சங்கரா புதுசா?"

"நேத்து வந்தது. ஐஸ்ல கீது. கொழம்புக்கு ஆவும், வறுக்க ஆவாது. வோணும்னா எட்து, இல்லாங்காட்டி உடு."

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வாங்கினேன், குழம்பு வைத்தேன், நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் நானே வாசலில் போய் நின்றேன்.

நாளடைவில் அவள் எனக்கு வேம்புலி அக்கா ஆனாள். நான் அவளுக்கு ரேவதிமா. எங்கள் தெருக் கோடியில், இன்னும் யாரும் கட்டாத ஒரு காலி மனைக்கு இரண்டு வீடு முன்னால், ஷீட் போட்ட ஒரே அறை வீடு அவளுடையது. புருஷன் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், மகள் பள்ளிக்கூடம் சேருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அன்றைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் இன்றுவரை நிறுத்தவில்லை. மகள் யுவராணியை அந்த மீன் கூடையை வைத்தே படிக்கவைத்து, நூம்பலில் கட்டிக்கொடுத்தாள். யாரிடமும் கை நீட்டினாள், கண்ணைக் கசக்கினாள் என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் காது கூசும், அது வேறு விஷயம்.

அந்த வீட்டில் அவளோடு இருந்த இன்னொரு ஜீவன் மேஸ்திரி. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி ஓடிய ஆண் பூனை. ஒரு காது கிழிந்திருக்கும். எங்கள் வீடு கட்டும்போது மணல் குவியலின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, சித்தாள் முதல் கொத்தனார் வரை எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருக்குமாம். வேலைக்காரர்கள் வைத்த பெயர் அது. உண்மையான மேஸ்திரியைவிட இதற்குத்தான் பயந்தோம் என்று ஒரு கொத்தனார் என்னிடமே சொன்னான்.

மேஸ்திரிக்கு ஒரு ராஜ வழக்கம் உண்டு. வியாபாரம் முடித்து வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்கா பின்கட்டில் உட்காருவாள். கூடையின் அடியில் அவனுக்கென்று எடுத்து வைத்த காரப்பொடி, அதாவது விரல் நீளத்துக்குக்கூட வராத சிறு மீன், ஒரு பிடி இருக்கும். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். மேஸ்திரி முதலில் அவள் கையை முகர்ந்து பார்ப்பான். அப்புறம்தான் சாப்பிடுவான். தட்டில் வைத்தால் தொடமாட்டான். பாருங்கள், நானும் அவன் இவன் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். அக்காவோடு பழகினால் அப்படித்தான் ஆகும்.

"யுவராணிக்காவது இப்படி ஊட்டியிருப்பியா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவ தானா துன்னுவா. இந்தத் தொரைக்குத்தான் கைல குடுக்கணும். இன்னா பண்றது, வளத்துட்டேன்."

மகள் வீட்டு விசேஷத்துக்கு அவள் நூம்பல் போய் ஒரு ராத்திரி தங்கினால், இவன் வண்டி சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போயிருப்பாள் அல்லவா, வண்டி இருக்கிறது, ஆள் எப்படியும் வருவாள் என்று கணக்கோ என்னவோ. நான் பால் வைத்தால் குடிப்பதில்லை. ஆனால் மறுநாள் அவள் தெருமுனையில் திரும்பும் முன்பே இறங்கிப் போய், அவள் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். அக்கா கெஞ்சுவாள். அந்தத் தெருவில் அவள் கெஞ்சிய ஒரே ஆள் அவன்தான்.

போன பங்குனியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலில் சுற்றினால் வராதா என்று இரண்டு நாள் வண்டியை எடுத்தாள். மூன்றாம் நாள் முகத்திலும் மார்பிலும் கொப்புளம். எங்கள் தெரு வேம்புலியம்மன் கோயில் பூசாரியின் மனைவி அங்கம்மா வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"வந்துட்டியா தாயே" என்றாள்.

அம்மை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனதால் பயமில்லாமல் உள்ளே போனேன். வேம்புலி அக்காவின் தம்பி கஜபதி, வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவனுக்கும் முன்பே வந்துபோயிருந்தது. ஆகவே நாங்கள் இருவரும் அங்கம்மாவுமாக மூன்று பேர்தான் அவளைப் பார்த்துக்கொண்டோம். யுவராணி ஆறு மாதக் கர்ப்பம். "வாசப்படி மிதிச்சே, காலை ஒடிப்பேன்" என்று அக்கா போனிலேயே கத்தி அவளை நிறுத்திவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் ஆளனுப்பி, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிவைத்தேன். அங்கம்மா தடுப்பாளோ என்று பார்த்தேன். "அதுவும் அம்மா குடுத்ததுதான், துன்னட்டும்" என்று விட்டுவிட்டாள்.

ஆனால் மற்ற எதிலும் அங்கம்மா விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து. தரையில் வேப்பிலை பரப்பி அதன்மேல் படுக்கை. தாளிக்கக் கூடாது. உடம்பு ஆறி, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றும்வரை வாசலில் கட்டின வேப்பிலையைத் தாண்டி அவள் வெளியே வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கவிச்சி கூடாது. மீன் வாசமே அந்த வீட்டுப் பக்கம் அடிக்கக் கூடாது. மீன்காரி வீட்டில் இதைச் செய்வது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடை, கத்தி, தராசு, வண்டி எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. சுவரைக்கூட மஞ்சள் தண்ணீர் விட்டு நானும் கஜபதியும் தேய்த்துக் கழுவினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மை கண்ட உடம்பில் இருப்பது அம்மன் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த உடம்பு கேட்பதெல்லாம் அம்மன் கேட்பது. அக்கா "வாய் கசக்குது" என்றாள், அங்கம்மா வெயிலில் ஓடிப்போய் நுங்கு வாங்கி வந்தாள். "இன்னா வோணும்னு சொல்லு தாயே" என்று காலடியில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம்வரை கால் கிலோ மத்திக்குத் தெருவே கூடும்படி சண்டை போட்ட அதே அங்கம்மா. காய்ச்சலிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

சிரிப்பு வராத விஷயம் மேஸ்திரி. கொப்புளம் வந்த அன்று வழக்கம்போல உள்ளே வந்தான். வேப்பிலை வாசம், மஞ்சள் வாசம். படுத்திருந்தவளிடம் மெல்லப் போய்க் கையை முகர்ந்தான். முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது. ஒரு அடி பின்னால் போய், யாரோ மூன்றாம் மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வெளியே ஓடினான்.

"என்னைத் தெரியலடி அவனுக்கு" என்று அக்கா அழுதாள். புருஷனைப் பற்றிச் சொல்லும்போது அழாதவள்.

அன்று மாலையே அவன் திரும்பி வந்தான். இந்த முறை கையை முகரவில்லை. வேப்பிலையை மிதித்துக்கொண்டு நேரே அவள் காலடிக்குப் போய், பாதத்தில் முதுகை ஒட்டிச் சுருண்டு படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஒண்ணுக்குப் போக வெளியே போவான், உடனே வந்துவிடுவான். தயிர் சாதம் வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் வைத்தேன், முதல் நாள் இரண்டு நக்கு நக்கினான், அடுத்த நாள் அதுவும் இல்லை. என் வீட்டு மாடிப்படியில் காரப்பொடி வைத்துவிட்டு அவனைத் தூக்கிப் போய் அங்கே விட்டேன். அந்த மீனைத் தாண்டிக் குதித்து அவள் காலடிக்கே ஓடிவிட்டான்.

அங்கம்மாவுக்கு வேறு கவலை. "மீனு துன்ற வாயி, அம்மா பக்கத்துல படுத்துகினு கீது. ஆவாது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். கஜபதிக்கு அது சரியாகப் பட்டது. தவிர, வேறு வீட்டுக்குப் போனால் மீன் கொடுக்கலாம், பூனையும் பிழைத்துக்கொள்ளும், அக்காவுக்கும் அம்மன் கோபம் வராது என்று அவன் கணக்குப் போட்டான். அக்கா அசந்து தூங்கிய ஒரு மத்தியானம் மேஸ்திரியைக் கோணியில் போட்டு ஆட்டோவில் ஏற்றி வெள்ளானூர் கொண்டுபோய்விட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

கண்விழித்த அக்கா காலடியைத் துழாவினாள்.

"மேஸ்திரி எங்கே?"

"வெளிய போயிருக்கான் அக்கா, வருவான்."

"ரேவதிமா, அம்மை கண்ணுலயா வந்துகீது? வெளிய போனவன் எப்பிடி போவான், தூக்கினு போனவன் எப்பிடி போவான்னு எனக்குத் தெரியாது?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு நுங்கும் வேண்டாம், மோரும் வேண்டாம் என்றுவிட்டாள். கேட்பது அம்மன் என்றால், வேண்டாம் என்பதும் அம்மன்தானே. அங்கம்மா அரண்டுபோனாள்.

வெள்ளானூரில் கஜபதி தன் கைக்காசைப் போட்டு வஞ்சிரம் வாங்கி வைத்தானாம். எங்கள் வீட்டிலேயே வஞ்சிரம் விசேஷத்துக்குத்தான் வரும். மேஸ்திரி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன் வெளியே வரவேயில்லை. கஜபதியின் மனைவி மீனைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே வைத்திருக்கிறாள். மூக்கை நகர்த்திக்கொண்டானாம். ராத்திரி முழுக்க ஒரு குரல் கொடுத்திருக்கிறான், அக்கம்பக்கத்தில் குழந்தை அழுகிறது என்று வந்து விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் காலை அதே கோணியில் கஜபதி அவனைத் திரும்பக் கொண்டுவந்தான். கோணியை அவிழ்த்ததும் அவன் ஓடவில்லை. நடந்துதான் போனான். பின்னங்கால் இரண்டும் கொஞ்சம் பின்னிக்கொண்டன.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. மீன் இருந்த இடத்தில் அவள் இல்லை. அவள் இருந்த இடத்தில் மீன் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அவன் சாப்பிடுவான். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் அம்மன் சட்டம்.

ஆவடியில் ஒரு கால்நடை டாக்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பூனை இப்படித் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்றார். எது பழக்கமோ அதை எப்படியாவது உள்ளே தள்ளுங்கள், நாளைக்கும் சாப்பிடாவிட்டால் தூக்கி வாருங்கள், டிரிப் ஏற்றிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அக்காவிடம் மறைக்கத் தோன்றவில்லை, அப்படியே சொன்னேன். காலடியில் கிடந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கினு போவ வோணாம். அங்க யாரு கீறா அவனுக்கு? போனா அங்கயே பூடுவான்" என்றாள்.

கஜபதி ஒரு வழி சொன்னான். அங்கம்மா இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"யக்கா, நீ கேட்டா அம்மா கேட்டா மாரி. கொரலை கொஞ்சம் மாத்தினு, 'எனக்கு மீனு வோணும், என் பூனைக்கு நானே குடுக்கணும்'னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. அங்கம்மாக்காவே ஓடிப்போயி வாங்கியாரும். யாரு இன்னா சொல்லப் போறா?"

நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது. பொய்தான், ஆனால் யாருக்குக் கெடுதல்? அக்கா படுத்தபடியே அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் கொப்புளம், கண் மட்டும் பழைய கண்.

"டேய், அவ பேர்ல பொய் சொல்லச் சொல்றியா? கெட்டுப்போன மீனை புதுசுன்னு சொல்லி நான் வித்துகீறேனா? எந்திரிச்சிப் போடா."

கஜபதி எழுந்து போய்விட்டான். நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே ஆரம்பித்தாள். "ஊட்டுக்குள்ள கவிச்சி வரக்கூடாது, அவ்ளோதானே ரேவதிமா? ஊடு சுத்தமாவே இருக்கட்டும். நான் வெளிய போறேன்."

வேப்பிலையைத் தாண்டக் கூடாதே என்றேன். தெரியும் என்றாள். கோபம் வந்தால் அம்மன் கண்ணில் இறங்கிவிடுவாள் என்பார்களே என்றேன். அதுவும் தெரியும் என்றாள். பொய் சொல்லாமல், யாரையும் சாக்கு வைக்காமல், நடப்பது தன் தலையில் நடக்கட்டும் என்று முடிவுகட்டிவிட்டாள். அவளை எழுப்பி உட்காரவைப்பதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

தெருவில் குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் யாரும் வெளியே இருக்கக் கூடாது, முதலில் போய் எல்லாரையும் உள்ளே இருக்கச் சொல் என்று என்னை அனுப்பினாள். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நல்ல உச்சிவெயில். கதவுகள் சாத்திக்கொண்டன, ஜன்னல்கள் திறந்துகொண்டன. கஜபதி காலி மனையில் ஓர் இலையில் காரப்பொடியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அதற்குள் அங்கம்மாவுக்குச் சேதி போய்விட்டது. ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"தாண்டாத தாயே! வோணாம்! பூனை போனா இன்னொரு பூனை. உம் பொண்ணு வயித்துல புள்ள கீது, ஞாபகம் வெச்சுக்கோ!"

அக்கா நின்றுவிட்டாள். அந்த வார்த்தை தைத்துவிட்டது. என் தோளில் இருந்த விரல்கள் இறுகின. தன் கண்ணைப் பற்றி அவள் பயப்படவில்லை, யுவராணியைச் சொன்னதும் பயந்தாள். திரும்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். திரும்பியிருந்தாலும் எனக்கு அவள்மேல் மரியாதை குறைந்திருக்காது. அவள் உள்ளே பார்த்தாள். மேஸ்திரி படுக்கையிலிருந்து எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து வேப்பிலைக்கு அடியில் நுழைந்து வெளியே காலை வைத்தாள்.

இரண்டு வீட்டைத் தாண்டும் தூரம்தான். வெயில் பட்டுக் கொப்புளம் எரிந்திருக்கும். ஒரு இடத்தில் நின்றாள், மூச்சுவிட்டாள், மறுபடி நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் மேஸ்திரி வந்துகொண்டிருந்தான். அவள் நின்றால் நின்றான், அவள் நடந்தால் நடந்தான். அவனுக்குப் பின்னால் அங்கம்மா, இடுப்பில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, வாயில் நிற்காத திட்டு, அக்கா மிதித்த இடமெல்லாம் தெளித்துக்கொண்டு வந்தாள்.

மனையில் கிடந்த ஒரு சிமென்ட் குழாய் மேல் அக்கா உட்கார்ந்தாள். எதிரே இலை. மேஸ்திரி வந்து இலையை முகர்ந்தான். தொடவில்லை. முகத்தைத் தூக்கி அவளைப் பார்த்தான். சத்தம்கூட வரவில்லை, வாயை மட்டும் திறந்து மூடினான்.

அவன் கேட்பது கை. அது எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வெளியே வருவதற்குத்தான் அவள் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தாள். அம்மை இறங்கிய உடம்போடு மீனைத் தொடுவது அவள் கணக்கிலேயே இல்லை. நான் இந்த ஊர்க்காரியுமில்லை, இதிலெல்லாம் பெரிய நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

அக்கா மீனைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். புறங்கையில், விரலிடுக்கில், எங்கும் கொப்புளம். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், எதிரே நிற்கிற ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"தாயே, வேம்புலி. உன் பேரைத்தான் எனக்கு வெச்சாங்க. இத்தினி வருஷமா உனக்கு நான் ஒரு கொறையும் வெச்சதில்ல. ஆடி மாசம் கூழு ஊத்தசொல்ல, கருவாட்டுக் கொழம்பு யார் கையால வாங்கித் துன்ற? இந்தக் கைதானே? அப்ப நாறலயா உனக்கு? மீன்காரி ஊட்டுக்குத்தான் போறோம்னு தெரிஞ்சிதானே வந்தே? வாயில்லா சீவன், எனக்காவ பட்டினி கெடக்குது. கோவம் வந்துச்சின்னா என் கண்ணை எட்துக்கோ. எம் பொண்ணு வயித்தாண்ட மட்டும் போவாத. அவ்ளோதான் சொல்லுவேன்."

காசிமேட்டு மீன் வியாபாரிகளிடம் விலை பேசும் அதே தோரணை. ஆனால் குரல் உடைந்திருந்தது. அங்கம்மாகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா குனிந்து ஒரு மீனை எடுத்தாள். நகத்தால் தலையைக் கிள்ளினாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். மேஸ்திரி அவள் கையை முகர்ந்தான், ரொம்ப நேரம் முகர்ந்தான். வேப்பிலையும் மஞ்சளும் மருந்தும் மீனும் கலந்த அந்தக் கையில் தன் ஆள் எங்கே என்று தேடியிருப்பான் போல. அப்புறம் நாக்கை நீட்டினான். முதல் மீனைச் சாப்பிட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். இரண்டாவதுக்கு அவ்வளவு இல்லை. மூன்றாவதை அவள் தலை கிள்ளும்வரை பொறுக்காமல் பிடுங்கினான்.

"மெதுவா துன்னுடா சோமாறி" என்று அக்கா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம். கஜபதி ஆட்டோவைத் துடைக்கப் போவது போலப் போய்விட்டான்.

இலை காலியானதும் அங்கம்மா கிட்டே வந்தாள். செம்பில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை அக்காவின் கையில் ஊற்றினாள். விரல் விரலாக, கொப்புளம் உடையாமல், தானே கழுவிவிட்டாள். மறுநாள் மத்தியானம் தெருவை உள்ளே போகச் சொல்லி அறிவித்தவள் நானல்ல, அங்கம்மா.

உடம்பு ஆறி அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை தினமும் உச்சிவெயிலில் அந்த ஊர்வலம் நடந்தது. மேஸ்திரியின் பின்னங்கால் நேரானது. அக்காவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் தழும்பு நின்றது, அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். யுவராணியிடமிருந்து போன் வரும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுப்பாள். எடுத்ததும் குரல் சின்னதாகிவிடும். மூன்று மாதமும் அப்படித்தான். வெளியே யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அவள் கேட்டு வைத்த பேரத்துக்குப் பதில் வரக் காத்திருந்தாள்.

ஆனி கடைசியில் யுவராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நூம்பலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தையை வாங்கியவுடன் கொஞ்சவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூடியிருந்த இமையைச் சுண்டுவிரலால் தடவினாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து ஒரு தும்மல் போட்டது. அப்போதுதான் அக்கா கீழே உட்கார்ந்தாள்.

ஆடியில் எங்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வழக்கம்போலக் கருவாட்டுக் குழம்பு வேம்புலி அக்காவின் கைவேலை. பெரிய அண்டா முன்னால் நின்று கரண்டியால் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கோயில் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையில் நிற்கிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கம்மா போகிற போக்கில் ஒரு துண்டு கருவாட்டை அவன் முன்னால் போட்டாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, திமிர் பிடித்தவன்.

நான் குழம்புக்குப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். "அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டாச்சா அக்கா, அன்னைக்கு மீனைத் தொட்டதுக்கு?"

"மன்னிப்பா? இன்னாத்துக்கு?" கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கிண்டல் இல்லை, யோசித்து வைத்திருந்த பதில். "அன்னிக்கு அவ எங்க இருந்தா? என் ஒடம்புலதானே இருந்தா. அந்தக் கை என் கை மட்டுமா ரேவதிமா? அவளும் சேந்துதான் ஊட்டினா."

என் பாத்திரத்தில் குழம்பை ஊற்றினாள். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு, அங்கம்மா போட்ட துண்டை எடுத்து முள் நீக்கி, உள்ளங்கையில் வைத்து மேஸ்திரியிடம் நீட்டினாள். அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். வரிசை காத்திருந்தது.